படிக்கட்டு யாருக்குச் சொந்தம்?



இந்த ஆண்டு வீடு பற்றிப் பேசுங்கள் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். எந்த நாட்டு வீடு என்பதை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். கிழக்கு ஐரோப்பாவிலும் பழைய சோவியத் நாடுகளிலும் 1990-க்குப் பிறகு வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கோடிக்கணக்கான குடித்தனக்காரர்கள் சில ஆண்டுகளுக்குள் வீட்டுக்காரர்கள் ஆன கதை அது. அவ்வளவு பெரிய சொத்து, அவ்வளவு வேகமாக, பெரும்பாலும் சண்டையில்லாமல் கைமாறியது. அதனாலேயே அதில் என்ன விடுபட்டுப்போயிற்று என்று அப்போது அதிகம் பேர் கேட்கவில்லை.

2003 சனவரியில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தின் ஓபுடா பகுதியில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடியில் எனக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே நான் பனியனோடு உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். சன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. கையால் தடவித் தடவிப் பார்த்தேன். கூட்டவோ குறைக்கவோ அதில் ஒரு திருகுகூட இல்லை. எதிர்வீட்டுப் பாட்டியைப் போய்க் கேட்டேன். அவரை அந்த மாடியில் எல்லோரும் ‘நேனி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாம் வயதில் மூத்த பெண்களை ‘பெரியம்மா’ என்கிறோமே, அதுபோல. நேனி ஒன்றும் சொல்லாமல் என் அறைக்கு வந்தார், சன்னலை அகலத் திறந்துவிட்டார், போய்விட்டார். அந்தக் கட்டடத்தில் வெப்பத்தைக் குறைக்க அது ஒன்றுதான் வழி. கீழே இறங்கி நின்று பார்த்தேன். உறைபனியில் பத்து மாடியிலும் சன்னல்கள் திறந்து கிடந்தன.

காரணம் பிறகு தெரிந்தது. ஒரு கொதிகலன் நிலையம் வெந்நீரைக் காய்ச்சி அனுப்புகிறது. கட்டடத்துக்குள் ஒரே குழாய் மேல் மாடியில் தொடங்கி ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டர் வழியாகவும் கீழே இறங்குகிறது. நடுவில் ஒருவர் அடைத்தால் அவருக்குக் கீழே இருக்கிற குடும்பமெல்லாம் குளிரில் விறைக்கும். அதனால் யாருக்கும் திருகு கொடுக்கவில்லை. கட்டியபோது அது பெரிய குறையாகவும் படவில்லை. வெந்நீருக்கு ஆன செலவை அரசு பார்த்துக்கொண்டது. 2003-ல் நிலைமை வேறு. அந்தக் கட்டடத்தில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பத்திரம் வந்துவிட்டது. குழாய் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் அந்தக் கட்டடங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். என் வயதுக்காரர்களுக்கு ‘சோவியத் நாடு’ இதழ் நினைவிருக்கும். அதன் வழவழப்பான தாளை எடுத்துத்தான் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவோம். வரிசை வரிசையாக வெள்ளைக் கட்டடங்கள், முன்னால் மரக்கன்றுகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய். பிரச்சாரப் படம்தான். ஆனால் அந்தத் தாயின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குமுன் அவள் எங்கே இருந்திருப்பாள் என்று தெரிந்தால் நீங்களும் சொல்லமாட்டீர்கள். மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் ‘கொம்முனால்கா’ என்று பேர். ஒரே வீட்டில் அறைக்கு ஒரு குடும்பம். சமையலறை பொது, கழிப்பறை பொது. மின்கட்டணத் தகராறு வரக்கூடாது என்று கழிப்பறைக்குள் குடும்பத்துக்கு ஒரு பல்பு தொங்கும். ஒவ்வொருவரும் தங்கள் அறையிலிருந்து தங்கள் பல்பைப் போட்டுக்கொண்டு வருவார்கள். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான வீடுகள் வேறு அழிந்திருந்தன.

1954 டிசம்பரில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கட்டடத் துறையினரைக் கூட்டிவைத்து, தூணும் கோபுரமும் சிற்பமுமாகக் கட்டியது போதும் என்று கண்டித்தார். 1957 ஜூலையில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க ஆணை வந்தது. வித்தாலி லகுத்தென்கோ என்ற பொறியாளர், சுவரையே தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவந்து பொருத்துகிற முறையை வடிவமைத்தார். ஐந்து மாடி, அதற்குமேல் போனால் மின்தூக்கி வைக்க வேண்டும், செலவு. சமையலறை ஆறு சதுர மீட்டர்கூட வராது. அடுப்பிலிருந்து திரும்பாமலே மேசையைத் தொடலாம். ஆனால் கதவைச் சாத்தினால் உள்ளே உங்கள் குடும்பம் மட்டும். அந்த ஒரு கதவுக்காக மக்கள் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு வரிசையில் காத்திருந்தார்கள். மாஸ்கோவின் செர்யோமுஷ்கி குடியிருப்புக்குக் குடிபோகிறவர்களை வைத்தே இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் ஓர் இசை நாடகம் எழுதினார், 1959-ல் அரங்கேறியது. ஹங்கேரி 1961 முதல் 1975 வரை பத்து லட்சம் வீடு என்று திட்டம் போட்டது. வீடு வார்க்கும் தொழிற்சாலைகளைச் சோவியத் ஒன்றியத்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வாங்கியது. அந்தக் கட்டடத்துக்கு ஹங்கேரியர் ‘பனெல்’ என்கிறார்கள், செக் மக்கள் ‘பனெலாக்’ என்கிறார்கள், கிழக்கு ஜெர்மானியர் ‘பிளாட்டெ’ என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொருள் பலகை, தகடு என்பதுதான். இன்றும் ஹங்கேரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்தப் பலகைகளுக்கு நடுவில்தான் தூங்குகிறார்.

எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா? இவான் செலேனி, கியோர்கி கொன்ராட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1960-களின் கடைசியில் ஹங்கேரியின் பேச், செகெட் என்ற இரு நகரங்களில் வீடு வீடாகப் போய் இதைக் கேட்டார்கள். வந்த விடை கசப்பானது. படித்தவர்கள், அலுவலகத்தில் உயர் பதவியில் இருந்தவர்கள் ஆகியோருக்கே அரசின் புது வீடுகள் அதிகம் கிடைத்திருந்தன. தொழிலாளிகள் பெரும்பாலும் கடன் வாங்கி, உறவினரைக் கூட்டி, ஊருக்கு வெளியே தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் அரசில் சொந்தக் காசில் வீடு கட்டியவர் தொழிலாளி. 1974-ல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். செலேனி அடுத்த ஆண்டு நாட்டைவிட்டே போனார். வீட்டுக்கொள்கை பற்றி யார் பேசினாலும் இந்த ஆய்வை ஒருமுறையாவது நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. சந்தை பங்கிட்டால் மட்டும்தான் ஏற்றத்தாழ்வு வரும் என்பதில்லை. அலுவலக மேசை பங்கிட்டாலும் வரும்.

நிலத்துக்கு விலை இல்லாததால் நகரத்தின் உருவமும் மாறிப்போனது. வழக்கமாக நகரத்தின் நடுவில் நெருக்கம், வெளியே போகப் போகத் தளர்வு. மாஸ்கோவில் அது தலைகீழ். நடுவில் பழைய தொழிற்சாலைகள் காலியாகக் கிடக்க, ஊர்க் கோடியில் பதினாறு மாடியில் மக்கள் நெருக்கமாக இருந்தார்கள். ஆய்வாளர்கள் அலெய்ன் பெர்டோவும் பெர்ட்ராண்ட் ரெனோவும் 1990-களில் இதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். கோடு ஒட்டகத்தின் முதுகுபோல வெளிப்புறத்தில் எழும்பும். தினமும் இரண்டு மணி நேரம் மெட்ரோவிலும் பேருந்திலும் போய்வந்த தொழிலாளியின் கால்வலிதான் அந்தத் திமில்.

இனி 1990-க்கு வருவோம்.

ரஷ்யக் குடியரசு 1991 ஜூலை 4-இல் சட்டம் போட்டது: இருக்கிற வீட்டை இருப்பவர் பேருக்கு இலவசமாக எழுதிக்கொடுக்கலாம். அல்பேனியா ஓரிரு ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா அரசு வீட்டையும் கொடுத்துவிட்டது. எஸ்டோனியாவும் லித்துவேனியாவும் வேலை செய்த ஆண்டுகளைக் கணக்கிட்டோ வேறு வகையிலோ பங்குச்சீட்டுக் கொடுத்து, அதைக் கொண்டு வீட்டை வாங்கிக்கொள்ளச் செய்தன. ஹங்கேரியில் அரசு வீடுகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். உள்ளாட்சிகள் குடியிருப்பவருக்கே சந்தை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக விற்றன. 1990-ல் புடாபெஸ்ட் வீடுகளில் ஏறத்தாழப் பாதி அரசு வீடு. பதினைந்தே ஆண்டுகளில் பத்தில் ஒன்றாகக்கூட மிஞ்சவில்லை. இன்று ருமேனியாவில் நூற்றுக்குச் சுமார் 95 பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். பணக்கார ஜெர்மனியில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். புள்ளிவிவரத்தை மட்டும் பார்க்கிறவர் ருமேனியாவைச் சொர்க்கம் என்று நினைத்துவிடக்கூடும்.

அரசுகள் ஏன் இப்படி அள்ளிக்கொடுத்தன? ஆலைகள் மூடுகின்றன, சேமிப்பைப் பணவீக்கம் தின்கிறது, ஓய்வூதியம் ரொட்டிக்குப் போதவில்லை. கொடுப்பதற்கு அரசிடம் வேறு எதுவும் இல்லை. வீட்டைக் கொடுத்தால் மக்கள் அமைதியாக இருப்பார்கள். அதோடு பழுது பார்க்கிற செலவும் அரசின் தலையிலிருந்து இறங்கும். சோவியத் ஒன்றியத்தில் வாடகை விகிதம் 1928-லிருந்து ஏறவே இல்லை. அந்த வாடகையில் கூரை ஒழுகலை அடைக்க முடியாது. முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட பழுதெல்லாம் வீட்டோடு சேர்ந்து கைமாறியது. ரஷ்யச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பழைய உரிமையாளரான அரசே பெரும்பழுதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்காகக் காத்துக்கொண்டே கிடந்தன.

பத்திரத்தில் எழுதியது கதவுக்கு உள்ளே இருந்ததை. படிக்கட்டு, கூரை, மின்தூக்கி, சாக்கடைக் குழாய், இரண்டு பலகைகளுக்கு இடையே தார் உதிர்ந்து குளிர்காற்று நுழைகிற அந்த மூட்டு, முன்னால் இருந்த முற்றம், கீழே இருந்த நிலம் இவற்றின் கதி என்ன? நம்மூர்ப் பத்திரங்களில் ‘பிரிக்கப்படாத பாகம்’ என்று ஒரு வரி எழுதுகிறோம் அல்லவா, அந்த வரிக்கு அங்கே பல ஊர்களில் உயிரே இல்லை. நேற்றுவரை அவையெல்லாம் அரசுடையவை. இன்று அரசு போய்விட்டது. அந்த இடத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. கீவிலும் சோபியாவிலும் இதே காட்சியைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் போனால் மெருகேற்றிய மரத்தரை, புதுச் சன்னல், இத்தாலி டைல்ஸ். கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் உடைந்த பல்பு, சிறுநீர் வாடை, கதவு நெளிந்த தபால் பெட்டி வரிசை. ஒவ்வொருவரும் தங்கள் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார்கள். படிக்கட்டுக்கு ஒரு பல்பு வாங்க ஆளில்லை. அவர்கள் சுயநலக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பொது என்ற சொல்லை அரசு தன் வசமே வைத்திருந்தது. அண்டை வீட்டார் கூடிக் காசு போட்டு ஒன்றைச் செய்ய அது ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. பழக்கம் இல்லாத வேலையைச் சட்டம் ஒரே இரவில் அவர்கள் தலையில் வைத்தது.

ஜார்ஜியாவின் திபிலிசியில் இன்னொரு காட்சி. 1990-களில் இடம் போதாத குடும்பங்கள் மூன்றாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் இரும்புச் சட்டம் நீட்டி, அதன்மேல் ஓர் அறையையே தொங்கவிட்டார்கள். மக்கள் அவற்றுக்கு ‘காமிகாஸே லோஜியா’ என்று பேர் வைத்தார்கள். தற்கொலைப் படை பால்கனி. ஆர்மீனியாவின் யெரெவானில் 1992, 1993 குளிர்காலங்களில் மின்சாரமும் இல்லை, வெந்நீரும் இல்லை. பூங்கா மரங்களை வெட்டி வீட்டுக்குள் தகர அடுப்பில் எரித்தார்கள். ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஒவ்வொரு சன்னலிலிருந்தும் ஒரு புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. பத்திரம் கையில் இருந்த சொந்த வீட்டுக்காரர்கள்தான் அவர்கள்.

கொடுப்பது ஒரு வழி என்றால், பறித்ததைத் திருப்பித் தருவது இன்னொரு வழி. கேட்க நியாயமாக இருக்கும். வார்சாவில் அது எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

போரில் வார்சா தரைமட்டமாகியிருந்தது. 1945 அக்டோபர் 26-இல் ஓர் ஆணை, நகர எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதையும் நகராட்சிக்குச் சொந்தமாக்கியது. இடிபாட்டைத் தனித்தனி உரிமையாளர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நகரத்தை மறுபடி கட்டியிருக்க முடியாது என்பதும் உண்மை. 1989-க்குப் பிறகு பழைய உரிமையாளர்களின் வாரிசுகள் வழக்குக்கு வந்தார்கள். அந்த உரிமையாளர்களில் யூதர்கள் பலர். வாரிசே மிஞ்சாமல் கொல்லப்பட்ட குடும்பங்கள் அதில் உண்டு. இதையெல்லாம் தீர்க்க முழுமையான ஒரு சட்டத்தைப் போலந்து இன்றுவரை போடவில்லை. அந்த இடைவெளியில் ஒரு தொழில் முளைத்தது. வாரிசுகளிடமிருந்து உரிமைக்கோரிக்கையைச் சொற்பக் காசுக்கு வாங்கி, நீதிமன்றம் போய், கட்டடத்தையே தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் வந்தார்கள். உயிரோடு இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டியவர்களுக்கு, இருக்கும் இடம் தெரியவில்லை என்று சொல்லி நீதிமன்றம் பிரதிநிதியை நியமித்த வழக்குகள்கூட நடந்தன.

கட்டடம் கைமாறும்போது உள்ளே குடியிருந்தவர்களும் சேர்ந்தே கைமாறினார்கள். இவர்களின் பெற்றோர்தான் அந்த இடிபாட்டை அள்ளிக் கொட்டியவர்கள். புது உரிமையாளர் வாடகையைப் பல மடங்கு ஏற்றினார். கட்ட முடியாதவர்கள் வெளியேறினார்கள். யோலாந்தா ப்ஷெஸ்கா என்ற பெண்மணி வெளியேற மறுத்தார். நபியெலாக்கா தெருவில் அவருடைய கட்டடத்தில் கடைசியாக மிஞ்சிய குடித்தனக்காரர் அவர். தன் வழக்கை நடத்திக்கொண்டே, மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார், குடித்தனக்காரர் சங்கம் தொடங்குவதில் முன்னால் நின்றார், வெளியேற்றம் நடக்கும் வாசல்களில் போய் உட்கார்ந்தார். 2011 மார்ச் 1-இல் கபாத்தி காட்டில் அவருடைய எரிந்த உடல் கிடந்தது. குற்றவாளி தெரியவில்லை என்று 2013-ல் விசாரணையை மூடினார்கள். 2016-ல் மறுபடி திறந்தார்கள். இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. ‘எங்கள் எல்லோரையும் எரித்துவிட முடியாது’ என்று வார்சா சுவர்களில் அவர் முகத்தோடு எழுதிவைத்திருக்கிறார்கள். பறித்தவனிடமிருந்து வாங்கிப் பறிகொடுத்தவனுக்குக் கொடுப்பது என்ற நியாயத்தில், நடுவே ஐம்பது ஆண்டு குடியிருந்தவருக்கு ஓர் இடம் வைக்கத் தவறினார்கள். அதற்கு அந்தப் பெண்மணி கொடுத்த விலை என்னால் மறக்கக்கூடியதல்ல.

கிழக்கு ஜெர்மனியிலும் திருப்பித் தருவதே கொள்கை. அங்கே வேறு தொல்லை: மக்கள் மேற்கே போய்விட்டார்கள், பிறப்பும் குறைந்தது. 2000 வாக்கில் ஏறத்தாழப் பத்து லட்சம் வீடுகள் காலி. 2002-ல் அரசே திட்டம் போட்டு இடிக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வரிசையில் நின்ற அதே ஊர்களில் இப்போது பாரந்தூக்கி, பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கியது.

ஹங்கேரிக்குத் திரும்புகிறேன். சொற்ப விலைக்கு வீடு கிடைத்தவர்கள் ஒரு தலைமுறை. அவர்கள் பிள்ளைகளுக்கு வளர்ந்து நிற்கும்போது கொடுக்க அரசிடம் வீடு மிஞ்சவில்லை. வாடகைச் சந்தை சின்னது, பயமுறுத்துவது. எனவே வங்கிக்குப் போனார்கள். 2004 முதல் 2008 வரை, ஹங்கேரியின் சொந்த நாணயமான போரிண்டில் வட்டி கூடுதல் என்பதால், சுவிஸ் பிராங்கில் கடன் வாங்கினார்கள். சுவிட்சர்லாந்தைக் கண்ணால் பார்த்திராத பேருந்து ஓட்டுநரும் ஆசிரியையும் சுவிஸ் நாணயத்தில் கடனாளி. அப்போது ஒரு பிராங்க் சுமார் 160 போரிண்ட். 2008 நெருக்கடிக்குப் பிறகு அது ஏறிக்கொண்டே போய் 2011-ல் 240-ஐத் தாண்டியது. மாதம் தவறாமல் கட்டியவர்களுக்கும், ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் வாங்கியதைவிட அதிகக் கடன் நின்றது. கடைசியில் 2014-ல் சட்டம் போட்டு, பிராங்குக்குச் சுமார் 256 போரிண்ட் என்ற கணக்கில் கடன்களைச் சொந்த நாணயத்துக்கு மாற்றினார்கள். பெற்றோருக்கு வீடு பரிசாக வந்தது. பிள்ளைகளுக்கு அதே பலகை வீடு ஆயுள் கடனாக வந்தது. இரண்டுக்கும் இடையில் இருந்தது இருபது ஆண்டுகூட இல்லை.

கடனும் கிடைக்காதவர்கள் உண்டு. ஸ்லோவாக்கியாவின் கோஷித்சே நகரில் லூனிக் 9 என்று ஒரு குடியிருப்பு. சுமார் 2,500 பேருக்காகக் கட்டினார்கள். 1990-களில் நகரத்தின் மற்ற பகுதிகளில் வாடகை கட்டத் தவறிய ரோமா இனக் குடும்பங்களை அங்கே கொண்டுபோய் அடைக்கத் தொடங்கியது நகராட்சி. மக்கள்தொகை 6,000-ஐத் தாண்டியது. கட்டணப் பாக்கிக்காக வெந்நீர் போனது, எரிவாயு போனது, பிறகு குடிநீர் நாளில் சில மணி நேரம் மட்டும். 2021 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அங்கே போனார். நல்ல வீடுகளை எல்லாம் இருப்பவருக்கே விற்றுவிட்ட ஒரு நகராட்சியிடம், ஏழைக்குக் கொடுக்க மிச்சம் இருப்பது இந்த மாதிரி இடம்தான். இது எனக்குக் கோபம் தருகிற விஷயம், மறைக்க விரும்பவில்லை.

மாஸ்கோவில் 2017-ல் நடந்தது, சொந்தம் என்ற சொல்லின் எடையைச் சோதித்த நிகழ்ச்சி. ஐந்து மாடிப் பழைய கட்டடங்களை இடித்து, குடியிருப்போருக்கு உயரமான புதுக் கட்டடங்களில் வீடு தருவதாக மேயர் சோபியானின் அறிவித்தார். 5,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள், சுமார் பத்து லட்சம் மக்கள். மே 14-இல் சாகரவ் அவென்யூவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை எந்த ஆர்ப்பாட்டத்துக்கும் போகாதவர்கள். சண்டை ஒரு சொல்லில் இருந்தது. அரசு, அதே பரப்பளவுள்ள வீடு என்றது; மக்கள், அதே மதிப்புள்ள வீடு என்று கேட்டார்கள். மரங்களுக்கு நடுவே மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கிற நாற்பது சதுர மீட்டரும், நெடுஞ்சாலை ஓரத்தில் இருபதாம் மாடியில் இருக்கிற நாற்பது சதுர மீட்டரும் ஒன்றல்ல. கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீட்டார் சம்மதித்தால் மற்றவரும் போயாக வேண்டும் என்று விதி வந்தது. வீடு தங்கள் பேரில் இருந்தாலும், அதன் கீழுள்ள நிலம் பெரும்பாலும் தங்கள் பேரில் இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இதில் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாக்கெடுப்பில் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கவே சம்மதித்தன. துருப்பிடித்த குழாயோடும், மின்தூக்கி இல்லாத ஐந்தாம் மாடியோடும் வாழ்கிற முதியவருக்குப் புது வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் மனத்தில் நின்றது வேறு. 1991-லிருந்து கால் நூற்றாண்டாக ஒன்றுகூடாத படிக்கட்டுகள் அந்த இரண்டு மாதங்களில் கூடின. யாருடைய வீட்டு எண் எது என்றுகூடத் தெரியாதவர்கள் முற்றத்து விளக்கடியில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள், வாட்ஸப் குழு தொடங்கினார்கள், சட்டப் பிரிவுகளைப் படித்தார்கள். வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் கூச்சலிட்டுச் சண்டையும் போட்டார்கள். பொதுச்சொத்து என்று ஒன்று தங்களுக்கு இருந்தது என்பதை, அது போகப்போகிறது என்றபோது கண்டுகொண்டார்கள்.

தாலின் நகரத்தில் அந்தக் கண்டுபிடிப்பு முன்பே நடந்துவிட்டது. லஸ்னமாயெ என்ற பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோவியத் பலகைக் கட்டடங்களில் இருக்கிறார்கள். ரஷ்ய மொழி பேசுவோர் மிகுதி. எஸ்டோனியாவில் கட்டடந்தோறும் வீட்டுரிமையாளர் சங்கம் வைக்கும் வழக்கம் 1990-களிலேயே பரவியது. 2018 முதல் எல்லா அடுக்ககத்துக்கும் சட்டப்படி சங்கம் உண்டு. சங்கம் தன் பேரில் கடன் வாங்கலாம். தனித்தனியாக வங்கி வாசலில் நிற்க முடியாத ஓய்வூதியர்கள், சங்கமாகச் சேர்ந்து நின்றால் கடன் கிடைக்கிறது. அரசு தன் கரியமில வாயு ஒதுக்கீட்டின் ஒரு பகுதியை லக்சம்பர்க்குக்கு விற்று, அந்தப் பணத்தை இந்தச் சங்கங்களுக்குப் பழுதுபார்ப்பு மானியமாகக் கொடுத்தது. சுவருக்குக் கனத்த போர்வை போர்த்துவதுபோல் வெளிப்பூச்சு, புதுக் குழாய், வீட்டுக்கு வீடு அளவி. அங்கும் கட்ட முடியாதவர் இருக்கிறார், சண்டை இருக்கிறது. ஆனாலும் அங்கே படிக்கட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு வங்கிக் கணக்கும் இருக்கிறது.

கார்கிவ் நகரத்தின் சால்திவ்காவைப் பற்றி ஒரு வார்த்தை. உக்ரைனின் மிகப் பெரிய பலகைக் குடியிருப்புகளில் ஒன்று. 2022-ல் ரஷ்யப் படையெடுப்பின்போது மாதக்கணக்கில் குண்டு விழுந்தது. இழப்பீட்டுக்கு 2023-ல் சட்டம் வந்தது. அது வீட்டின் உரிமையாளருக்கு. வாடகைக்கு இருந்தவர் கணக்கில் இல்லை. ஏழாம் மாடி அப்படியே நிற்க, எட்டும் ஒன்பதும் கருகி, பொதுக்குழாய் வெடித்த கட்டடத்தில் ஏழாம் மாடிக்காரருக்கு வீடு இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு எந்தப் பத்திரத்திலும் விடை எழுதவில்லை.

ஓபுடாவில் நான் இருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் ‘ஃபலுஹாஸ்’ இருக்கிறது; ‘கிராம வீடு’ என்று பொருள். ஒரே கட்டடத்தில் 886 வீடுகள், நீளம் 300 மீட்டருக்கு மேல். ஒரு கிராமமே ஒரு சுவரை ஒட்டி நிற்பதுபோல் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2009-ல் அதை முழுவதும் புதுப்பித்தார்கள். கூரையில் வெயிலில் வெந்நீர் காய்ச்சும் தகடுகள் வைத்தார்கள். 886 வீட்டாரைச் சம்மதிக்க வைத்ததுதான் பொறியியலைவிடப் பெரிய சாதனை.

நான் இருந்த சின்னக் கட்டடத்திலும் 2004-ல் அதற்கான கூட்டம் நடந்தது. நான் ஊர் திரும்புவதற்கு முந்திய வாரம். செலவில் மூன்றில் ஒரு பங்கு அரசு, ஒரு பங்கு உள்ளாட்சி, ஒரு பங்கு வீட்டார் என்பது திட்டம். கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்தும் அறையில் நாற்பது பேர் கோட்டுப் போட்டபடி நின்றார்கள். தரைத்தளத்து ஆள், கூரை ஒழுகினால் எனக்கென்ன என்றார். பத்தாம் மாடிக்காரர், மின்தூக்கிக்கு நீ கட்டுகிற காசை நாளையிலிருந்து நிறுத்திக்கொள், கூரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நேனி, தன் ஓய்வூதியத்தில் பாதி வெந்நீருக்கே போகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் ஆயிற்று. அன்று முடிவாகவில்லை. மறுபடி மறுபடி கூடி, இரண்டு ஆண்டு கழித்து முடிவானதாகக் கடிதம் வந்தது.

2012-ல் போனேன். சுவர் இளமஞ்சள் நிறத்தில் புதிதாக இருந்தது. படிக்கட்டில் விளக்கு எரிந்தது. உறைபனி நாள்தான், சன்னல்கள் சாத்தியிருந்தன. நேனி என்னை உள்ளே இழுத்துப் போய் முதலில் ரேடியேட்டரைக் காட்டினார். ஓரத்தில் வெள்ளைத் திருகு, ஒன்று முதல் ஐந்து வரை எண். மூன்றில் இருந்ததை இரண்டுக்குத் திருப்பி, என் கையை எடுத்து இரும்பின்மேல் வைத்து, சூடு குறையும்வரை காத்திருக்கச் சொன்னார். கூடத்துச் சோபா விரித்தபடி இருந்தது, மேலே போர்வை கசங்கிக் கிடந்தது. பேரன், 27 வயது, இரவுப்பணி முடிந்து வந்து தூங்கிவிட்டு இப்போதுதான் வெளியே போனானாம். மூன்று ஆண்டாகத் தன்னோடுதான் இருக்கிறான் என்றார். கல்யாணம் எப்போது என்று கேட்டேன். அவர் சோபாவைக் காட்டினார்.